பெட்டிக்குக் கேட்காத பேரம் குடத்துக்கு ஏன்?

நல்ல ஹைஃபை ஸ்பீக்கர் ஒரு ஜோடி ஒரு லட்சம் ரூபாய் என்றால், அந்தத் துறையில் அது நடுத்தர விலைதான். அதை நெல்லாக மாற்றிப் பார்த்தால் டெல்டாக்காரர்களுக்குச் சட்டென்று உறைக்கும். 2025–26 பருவத்தில் சாதா ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். ஒரு லட்சம் சேர 42 குவிண்டால் போட வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் நேரத்துக்கு வந்து, அறுப்பு சமயத்தில் மழை புகுந்து கெடுக்காமல், நன்றாக விளைந்த ஒன்றரை இரண்டு ஏக்கரின் மொத்த மாசூல் அது. செலவு போக மிஞ்சுவதைச் சொல்லவில்லை, களத்தில் குவிந்த நெல் முழுவதையும் சொல்கிறோம். அவ்வளவையும் அளந்து கொடுத்து வாங்கி வருவது இரண்டு பெட்டிகள். நல்ல மரம்கூட இல்லை; மர நாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திய எம்.டி.எஃப். பலகை. உள்ளே ஒரு காகிதக் கூம்பு, கொஞ்சம் செம்புக் கம்பி, காந்தம்.

இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அதே கேள்வியைத் தஞ்சாவூர் வீணைப் பட்டறையில் போய்க் கேட்கும்போது அது நியாயமாக இருப்பதில்லை. ஏன் என்று புரிய, முதலில் பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரித்தால் ஏமாற்றம்தான். கனமான ஒலிக்கு ஒரு வூஃபர், கீச்சு ஒலிக்கு ஒரு ட்வீட்டர், எது எதற்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் க்ராஸ்ஓவர், உள்ளே அடைக்கும் பஞ்சு, பின்னால் ஒயர் மாட்ட முனைகள், கூடு. இந்தச் சாமான்களின் விலையைப்போல நான்கு அல்லது ஐந்து மடங்குதான் கடை விலை என்பது இத்தொழிலில் வெகுகாலமாகப் புழங்கும் தோராயக் கணக்கு. அப்படியானால் ஒரு லட்ச ரூபாய் ஜோடிக்குள் இருக்கும் சரக்கு இருபது, இருபத்தைந்தாயிரம் பெறும். மீதிப் பணத்தைக் ‘கொள்ளை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. கொள்ளையும் கொஞ்சம் இருக்கிறது, அதற்குப் பிறகு வரலாம். பெரும்பகுதிக்குக் கணக்கு இருக்கிறது.

உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கிலாந்திலோ டென்மார்க்கிலோ ஒரு சிறிய கம்பெனி 100 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறது. சம்பளம், வாடகை, சோதனைக்கூடம், வடிவமைப்பாளர், கழித்துக் கட்டிய பாகங்கள் எல்லாம் சேர்ந்து 200 ரூபாய்க்கு வெளியே விட்டால்தான் அதற்குக் கட்டுப்படியாகும். பிறகு கப்பல். ஸ்பீக்கர் காற்றைச் சுமந்துவரும் சரக்கு. கன்டெய்னரில் எடைக்கு அல்ல, அடைக்கும் இடத்துக்குத்தான் வாடகை. சென்னைத் துறைமுகத்தில் சுங்க வரி, வரியின் மேல் ஒரு கூடுதல் வரி. எல்லாம் கட்டி வெளியே வரும்போது 250-ஐத் தாண்டியிருக்கும். இறக்குமதியாளர் தன் பங்கைச் சேர்த்தால் 320. கடைக்காரர் சேர்த்தால் 450. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டால் 530 ரூபாய்.

இதில் யாரும் அநியாயமாக எடுத்ததாகச் சொல்ல முடியாது. ஒவ்வொருவரின் சதவீதமும் முந்தையவர் சதவீதத்தின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இதன் விளைவு ஒன்றுதான் விசேஷம். தொழிற்சாலையில் ஒரு பொறியாளர் ‘இந்த மின்தேக்கியைக் கொஞ்சம் நல்லதாகப் போடலாமே’ என்று பத்து ரூபாய் கூட்டினால், கடையில் விலை ஐம்பது ரூபாய் ஏறிவிடும். மலிவான ஸ்பீக்கர்களில் முதல் கத்தி க்ராஸ்ஓவரில் விழுவதற்கு இதுதான் காரணம். அது கண்ணுக்குத் தெரியாத இடம். வெளியில் தெரியும் பளபளப்பில் யாரும் கை வைப்பதில்லை.

கடைக்காரரின் பங்கைப் பார்த்துத்தான் வாங்குகிறவர்களுக்கு அதிகம் எரிச்சல் வரும். அவர் பக்கமும் பார்க்கலாம். ஹைஃபை ஸ்பீக்கரைப் படம் பார்த்து வாங்க முடியாது, கேட்க வேண்டும். அதற்கு ஒரு தனி அறை, தரையில் கம்பளம், சுவரில் எதிரொலி அடக்கும் திரை, நான்கைந்து ஜோடி சரக்கு, அவற்றுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர் எல்லாம் வேண்டும். வருகிறவர் அரைநாள் உட்கார்ந்து மதுரை மணி ஐயரையும் இளையராஜாவையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, ‘வீட்டில் கலந்துகொண்டு வருகிறேன்’ என்று எழுந்து போவார். ஒரு ஜோடி விற்க மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அந்தச் சரக்கில் முடங்கிய பணத்துக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். மளிகைக் கடையில் சர்க்கரை மூட்டை வாரத்துக்கு ஒருமுறை காலியாகிறது, சொற்ப லாபம் போதும். மெதுவாக நகரும் சரக்கு அந்த லாபத்தில் கடை நடத்தாது.

வடிவமைப்புச் செலவு என்பதும் வெறும் பேச்சில்லை. 1970களில் பிபிசி, வெளிநிகழ்ச்சிகளை ஒலிபரப்பும் வேன்களுக்குள் வைத்துக்கொள்ள எல்.எஸ்.3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கரை உருவாக்கியது. ஓரடி உயரம், ஏழரை அங்குல அகலம். இரண்டு ட்ரைவர்களும் கெஃப் கம்பெனியுடையவை. பிபிசி அதைத் தானே தயாரித்து விற்கவில்லை. ரோஜர்ஸ் போன்ற கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்துத் தொகை வாங்கிக்கொண்டது. 1976இல் பிபிசி பொறியாளர்கள் அதைப் பற்றி எழுதிய அறிக்கையில் ஒரு செய்தி வருகிறது. கூட்டுக்குள் மூலைகளில் வைக்கும் சட்டங்கள் பீச் மரத்தில் இருக்க வேண்டும். வேறொரு மரத்தை வைத்தபோது ஒலியின் நிறம் மாறிவிட்டது. வெளியிலிருந்து யாருக்கும் தெரியாத சட்டங்கள். அதைக் கண்டுபிடிக்க ஒருவர் அளந்து, கேட்டு, சந்தேகப்பட்டு, மறுபடியும் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

பிபிசி அந்த ஆராய்ச்சியை மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் செய்தது. தனியார் கம்பெனி செய்தால் செலவு ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் விழும். ஒரு லட்சம் ஜோடி விற்றால் தலைக்குச் சில்லறை, ஐந்நூறு ஜோடி விற்றால் தலைக்குப் பல ஆயிரம். ஹைஃபை கம்பெனிகளில் பெரும்பாலானவை இரண்டாவது ரகம். ஜோடி என்பதும் சும்மா இல்லை: இடதும் வலதும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதால் ட்ரைவர்களை ஒவ்வொன்றாக அளந்து இணை சேர்க்கிறார்கள். இணை கிடைக்காதது ஒதுங்கும். ஒதுங்கியதற்கும் காசு கொடுப்பவர் வாங்குகிறவர்தான்.

இப்போது கொள்ளைக்கு வரலாம். கனடா தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலிலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் பணியாற்றிய ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவுடன் சேர்ந்து 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதே ஆட்கள், அதே ஸ்பீக்கர்கள். ஒருமுறை பெட்டிகள் கண்ணுக்குத் தெரிய, ஒருமுறை திரைக்குப் பின்னால். பார்த்துக்கொண்டே கேட்டபோது பெட்டியின் உருவமும் பெயரும் மதிப்பெண்ணை இழுத்துக்கொண்டு போயின. திரை விழுந்ததும் மதிப்பெண்கள் மாறின. கேட்டுப் பழகியவர்களுக்கே இந்தக் கதி. காதுக்கு ஒரு விலையும் கண்ணுக்கு ஒரு விலையுமாகச் சேர்த்துத்தான் கடைகளில் வாங்கப்படுகிறது. பாம்பு போல் தடித்த ஒயர்களைப் பல்லாயிரம் ரூபாய்க்கு வாங்கி, ‘திரை விலகியதுபோல் இருக்கிறது’ என்று சொல்லிக்கொள்ளும் பக்தர்களும் உண்டு. அவர்களோடு வாதாடுவது வீண்.

இந்த விலைகளைப் பார்த்துச் சிரிக்கக்கூடிய ஆட்கள் டெல்டாவிலேயே இருக்கிறார்கள்: மைக்செட்காரர்கள். மாரியம்மன் திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் ‘ஒலி-ஒளி அமைப்பு’ என்று போர்டு மாட்டிய வண்டியில் வந்து இறங்குபவர்கள். கூம்பு ஸ்பீக்கருக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு பெட்டிக்கு மாறிய தொழில் இது. பலரும் பெட்டியைக் கம்பெனியில் வாங்குவதில்லை. பிளைவுட் எடுத்து, உள்ளூர்த் தச்சரிடம் அறுத்து, சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ டெல்லியிலிருந்தோ ட்ரைவர் தருவித்துத் தாங்களே கட்டிவிடுகிறார்கள். வீட்டுக்கு அசெம்பிள்டு செட் செய்து கொடுக்கும் மெக்கானிக்குகளும் தமிழ்நாட்டுச் சிறுநகரங்களில் இரண்டு தலைமுறையாக உண்டு. கம்பெனிப் பெட்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்கில் இவர்கள் காரியத்தை முடித்துவிடுவார்கள். சில சமயம் கேட்கவும் நன்றாகவே இருக்கும்.

அந்த மூன்றில் ஒரு பங்கு எப்படிச் சாத்தியம்? மைக்செட்காரர் தன் ராத்திரிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மச்சான் வந்து பிடித்துக்கொடுத்த நேரம் கணக்கில் இல்லை. கட்டிப் பார்த்துச் சரிவராமல் கொல்லையில் கிடக்கும் முதல் பெட்டி கணக்கில் இல்லை. பட்டறை இருக்கும் இடம் அப்பா வாங்கிய மனை என்பதால் அதற்கு வாடகையும் இல்லை.

இந்த வகைக் கணக்கு நெல் வட்டாரத்துக்குப் புதிதல்ல. சாகுபடிச் செலவை மத்திய அரசின் விவசாயச் செலவு மற்றும் விலை ஆணையம் படிப்படியாகப் பிரிக்கிறது. விதை, உரம், டீசல், கூலி எனக் கையிலிருந்து கொடுத்த காசு ‘ஏ2’. அதோடு வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் ஒரு கூலி போட்டுச் சேர்த்தால் ‘ஏ2 கூட்டல் எஃப்.எல்.’ சொந்த நிலத்துக்கு வாடகையும் முடங்கிய முதலுக்கு வட்டியும் சேர்த்தால் ‘சி2’. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004இல் அமைந்த தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவைவிடக் குறைந்தது 50 சதவீதம் கூடுதலாக ஆதரவு விலை இருக்க வேண்டும் என்றது. அரசு ஏ2 கூட்டல் எஃப்.எல்.-ஐப்போல ஒன்றரை மடங்கு கொடுக்கிறோம் என்கிறது. சி2-க்கு மேல் கொடு என்று விவசாயச் சங்கங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. டீக்கடையில் உட்கார்ந்து இந்த மூன்றுக்கும் வித்தியாசம் சொல்லக்கூடிய விவசாயிகள் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் நிறையப் பேர்.

இந்த அளவுகோலை எடுத்து வைத்தால் காட்சி தெளிவாகிறது. ஹைஃபை கம்பெனி சி2 கணக்கில் விற்கிறது: உழைப்பு, இடம், வட்டி, கழிவு, யோசித்த நேரம், பெயர் எல்லாவற்றுக்கும் காசு. மைக்செட்காரர் ஏ2 கணக்கில் கட்டுகிறார். தனக்காகக் கட்டுவதால் அவருக்கு நஷ்டமில்லை. தஞ்சாவூர் வீணைப் பட்டறை அடுத்தவருக்காகச் செய்துகொண்டே ஏறக்குறைய ஏ2 கூட்டல் எஃப்.எல். கணக்கில் விற்கிறது. வீணையின் விலை அதிகம் என்று அங்கலாய்ப்பவர்களிடம் சொல்ல வேண்டியது இதைத்தான்: அது குறைவு. கூடாத அளவுக்குக் குறைவு.

வீணைக்கு மரம் பலா. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்குப் பட்டறைகளில் தனி மதிப்பு. வயதேறிய, வைரம் பாய்ந்த மரமாகப் பார்த்து வாங்கி, அறுத்து, ஈரம் போகக் காயவைக்க வேண்டும். காயாத மரத்தில் செய்த குடம் பிறகு விரியும், முறுக்கும். காய்கிற காலம் முழுதும் பணம் மரமாகப் படுத்துக் கிடக்கிறது. குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்தால் ஏகாண்ட வீணை. ஏகாண்டத்துக்கு அவ்வளவு நீளத்தில், முடிச்சும் வெடிப்பும் இல்லாத மரம் கிடைக்க வேண்டும். பாதி குடைந்த பிறகு உள்ளே ஒரு பொத்தல் தெரிந்தால் அத்தனை நாள் வேலையும் போச்சு. குடத்தின் சுவரை உட்புறமாகச் செதுக்கிக்கொண்டே வந்து, எங்கே நிறுத்துவது என்று கையால் தட்டிக் கேட்டு முடிவு செய்கிறார்கள். கொஞ்சம் தடித்தால் நாதம் அடைத்துப்போகும், கொஞ்சம் மெலிந்தால் கலகலக்கும். பிபிசி பொறியாளர் கருவி வைத்து அளந்ததை இங்கே ஒரு விரல் முட்டி அளக்கிறது.

மேல்பலகை ஒட்டி, சுரைக்காய் பொருத்தி, குதிரையும் பிரடைகளும் வைத்து, நகாசு வேலை முடித்தாலும் வீணை இன்னும் வீணையாகவில்லை. யானைத் தந்தம் இழைத்த காலம் சட்டத்தோடு போய்விட்டது, இப்போது பிளாஸ்டிக் பட்டைதான். அதில் பெரிய செலவில்லை. இனிதான் முக்கியமான வேலை: மேளம் கட்டுவது. தேன்மெழுகையும் கரித்தூளையும் சேர்த்துக் காய்ச்சித் தண்டியின் இரு விளிம்பிலும் மெழுகுக் கட்டு எழுப்பி, அதில் 24 மெட்டுகளைச் சுருதி பார்த்து ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். நாலு தந்தி மேலே, மூன்று தாளத் தந்தி பக்கத்தில். ஒரு மெட்டு இம்மி தள்ளி உட்கார்ந்தாலும் வாசிக்கிறவர் காலமெல்லாம் அந்த ஸ்வரத்தில் முகம் சுளிப்பார். எல்லாத் தச்சரும் மேளம் கட்ட மாட்டார்கள், அதற்குக் காது வேண்டும். மெழுகு வெயிலில் இளகும், நாளாக இறுகி வெடிக்கும். சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் கட்ட வேண்டும். விற்பனைக்குப் பிந்திய சேவை என்று கம்பெனிகள் விளம்பரம் கொடுக்கும் சமாச்சாரம் இங்கே ஒருவரின் பஸ் பயணத்திலும் கைப்பையில் இருக்கும் மெழுகு உருண்டையிலும் நடக்கிறது.

மரம் அறுப்பதிலிருந்து கணக்கிட்டால் ஒரு வீணைக்குப் பதினைந்து இருபது நாள் கைவேலை. ஒட்டு வீணை சில பத்தாயிரங்களுக்கு விற்கிறது, ஏகாண்டம் அதைவிடக் கணிசமாகக் கூடுதல். இதிலிருந்து மரவிலை, தந்தி, பித்தளை, மெருகு எண்ணெய் எல்லாவற்றையும் கழித்து, மிச்சத்தை அந்த நாட்களால் வகுத்தால் வருவது ஒரு கட்டடத் தச்சரின் கூலிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். காய்ந்துகொண்டிருக்கும் மரத்துக்கு வட்டி இல்லை, வெடித்த குடத்துக்கு ஈடு இல்லை. வடிவமைப்புக் கட்டணம் என்ற பேச்சே இல்லை: 24 மெட்டுகளை நிலையாகப் பதிக்கும் இன்றைய அமைப்பு 17ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் தஞ்சையில் உருவானது என்று இசை வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். நானூறு ஆண்டு ஆராய்ச்சி இலவசம்.

விலையில் பெரிய ஏற்றம் வருவது பட்டறை வாசலைத் தாண்டிய பிறகுதான். சென்னைக் கடை வாடகை, ஏற்றுமதிக்காரரின் பங்கு, நியூஜெர்சிக்கோ டொரன்டோவுக்கோ போக வேண்டுமென்றால் கடினமான பெட்டி, விமானக் கட்டணம். விமானத்திலும் எடையோடு அடைக்கும் இடத்தையும் பார்த்துத்தான் வசூல். குடத்துக்குள் இருக்கும் காற்றுக்கும் காசு. ஸ்பீக்கருக்கு நடந்த அதே சதவீத ஏற்றம்தான் இங்கேயும் நடக்கிறது. அடியில் இருக்கும் முதல் தொகை மட்டும் சிறியது. ஸ்பீக்கர் கம்பெனி அந்த முதல் தொகைக்குள்ளேயே தன் சி2-வைப் போட்டுவிட்டுத்தான் சரக்கை வெளியே விடுகிறது. பட்டறைக்காரரோ பேரத்துக்குத் தயாராக நிற்கிறார்.

பேரம் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பீக்கர் பெட்டியில் எம்.ஆர்.பி. அச்சிட்டிருக்கிறது. வாங்குகிறவர் அதைப் பார்த்து மரியாதையோடு கார்டை நீட்டுகிறார். மிஞ்சிப்போனால் ஒரு ஸ்டாண்ட் இலவசமாகக் கேட்பார். அதே ஆள் தஞ்சாவூருக்கு வந்து பெரிய கோயில் பார்த்துவிட்டு வீணைப் பட்டறைக்குள் நுழைந்ததும், ‘கடைசி விலை சொல்லுங்க’ என்கிறார். அச்சடித்த விலை இல்லாத இடத்தில் எல்லாம் பேரம்தான். கையால் செய்யும் இந்திய இசைக்கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது, அது நல்லதுதான், ஆனால் அந்தச் சலுகை விலையில் இறங்குமே தவிரப் பட்டறையில் தங்காது.

2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.  இசைக்கருவித் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் 2010இல் விண்ணப்பித்து வாங்கியது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் கிடைத்தது. இரண்டு முறையும் பத்திரிகைகள் கொண்டாடின, இரண்டு முறையும் விலை அங்கேயே நின்றது. அதில் ஆச்சரியமில்லை. வேறு ஊரில் செய்ததைத் தஞ்சாவூர் வீணை என்று விற்காதே என்று தடுக்கச் சட்டத்துக்கு அதிகாரம் உண்டு. தஞ்சாவூரில் செய்ததற்கு இவ்வளவு கொடு என்று சொல்ல அதிகாரம் இல்லை. பெயரைக் காப்பாற்றினால் விலை தானாக வரும் என்பது ஸ்காட்ச் விஸ்கிக்குச் சரி. அங்கே பெயருக்குப் பின்னால் விளம்பரத்துக்குப் பணம் போட ஆள் இருக்கிறது.

நரசிங்கம்பேட்டைக் கதை இன்னும் கூர்மையானது. அங்கே நாகஸ்வரம் கடைவது ஆச்சா மரத்தில், அதுவும் புதுமரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூண், உத்திரம், சட்டம் என்று பல பத்தாண்டுகள் காய்ந்த கட்டையைத் தேடிப் பிடிக்கிறார்கள். அதாவது மரத்தை உலர்த்தும் செலவை யாரோ ஒரு மிராசுதாரின் கூரை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஓட்டு வீடுகள் தீர்ந்தால் அந்த மானியமும் தீரும். பக்கத்தில் இருக்கும் திருவாவடுதுறையின் டி.என். ராஜரத்தினம் பிள்ளை, உச்ச சுருதியில் அலறும் திமிரியை விட்டுச் சற்றுத் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாரி நாயனத்துக்கு வந்தபோது, அதற்கான அளவுகளைக் கண்டு கடைந்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. சுத்த மத்தியமம் சரியாகப் பேசவேண்டும் என்று துளைகளின் இடத்தைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்த வேலை அது. ஒரு கலைஞரும் ஒரு கடைசலாசாரியும் சேர்ந்து நடத்திய முழுமையான ஆராய்ச்சிக்கூடம் என்றே அதைச் சொல்ல வேண்டும். எல்.எஸ்.3/5ஏ பெட்டி ஒவ்வொன்றுக்கும் பிபிசிக்கு உரிமத் தொகை போனது. பாரி நாயனத்துக்கு எங்கும் எதுவும் போகவில்லை.

விலையை ஏற்றினால் பிள்ளைகள் எப்படி வீணை வாங்குவார்கள் என்று எதிர்க்கேள்வி வரும், அது சும்மா ஒதுக்கக்கூடிய கேள்வி இல்லை. நடுத்தரக் குடும்பத்தில் பெண்ணுக்கு வீணை வாங்குவது இப்போதே யோசித்துச் செய்யும் காரியம். சிலர் எலெக்ட்ரானிக் வீணைக்குப் போய்விட்டார்கள். பெங்களூரின் ரேடல் நிறுவனம் மெழுகில்லாத, கழற்றி மடக்கிப் பயணத்துக்கு எடுத்துப்போகும் வீணையைச் செய்து விற்கிறது. குளிர்தேசத்தில் மெழுகு வெடித்து அவதிப்படும் மாணவருக்கு அது உண்மையிலேயே நல்ல தீர்வு. ஆனால் ஏழை மாணவருக்கான சலுகையைப் பட்டறைக்காரர் தன் கூலியிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? ரேஷன் அரிசி இலவசம் என்பதால் நெல்லை இலவசமாகப் போடு என்று விவசாயியிடம் யாரும் கேட்பதில்லை. கலைஞர்கள் இசைக்கருவி வாங்கத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் நிதியுதவி செய்கிறது. அதையே பெரிதாக்கி மாணவருக்கும் கொடுக்கலாம், கருவியின் விலையை முழுசாக வைத்துக்கொண்டே.

செய்யக்கூடியது பெரிய காரியம் எதுவுமில்லை. கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் ஒரு மரக்கிடங்கு: அரசு முதல் போட்டுப் பலாவை வாங்கிக் காயவைத்து, தேவைக்கு அறுத்துக் கொடுத்தால் வட்டிச் சுமை பட்டறையிலிருந்து இறங்கும். நெல்லைக் கொள்முதல் செய்து கிடங்கில் வைக்கத் தெரிந்த அரசுக்கு இது முடியாத வேலையில்லை. ஒவ்வொரு வீணைக்கும் ஒரு எண்ணும் ஒரு அட்டையும்: எந்த ஆண்டு மரம், குடைந்தது யார், மேளம் கட்டியது யார், ஒட்டா ஏகாண்டமா. நல்ல ஸ்பீக்கர் ஜோடியோடு வரிசை எண்ணும் சோதனைத் தாளும் வருகின்றன. அதைப் பார்த்ததும் வாங்குகிறவர் கை பேரத்திலிருந்து பின்வாங்குகிறது. புவிசார் முத்திரை ஊருக்குத்தான் கிடைத்தது. செய்தவர் பெயர் வெளியே தெரிந்தால்தான் ஒருவருடைய வீணைக்கும் இன்னொருவருடையதற்கும் விலை வித்தியாசம் வரும், நன்றாகச் செய்பவருக்கு அதில் ஆதாயம் வரும். இன்று இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை என்பதால், கூடுதலாக நான்கு நாள் இழைப்பவர் தன் நாலு நாளை இழக்கிறார்.

எல்லாவற்றையும்விட உடனே மாற்ற வேண்டியது அரசு வாங்கும் முறை. தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி அரசுக் கொள்முதல் என்றால் குறைந்த விலை குறித்தவருக்கு முன்னுரிமை. நாற்காலிக்கும் மின்விசிறிக்கும் அது சரி. இசைப் பள்ளிக்கு வாங்கும் வீணைக்கு அந்த அளவுகோலைப் போட்டால், காயாத மரமும் அவசர மேளமும்தான் வகுப்பறைக்குள் வரும். பத்து வயதுக் குழந்தை அதில் சுருதி கற்றுக்கொள்ளும். விலையை முதலில் நியாயமாக நிர்ணயித்துவிட்டுத் தரத்தில் போட்டி வைக்கலாம். பட்டறைகள் அனுப்பும் வீணைகளை எண் மட்டும் ஒட்டித் திரைக்குப் பின்னால் வைத்து, ஒரே கை வாசிக்க, கேட்டுத் தேர்வு செய்யலாம். அதற்கு ஹார்மன் ஆய்வுக்கூடம் வேண்டாம். திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, கேட்கத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு போர்வையும் ஒரு முழு நாளும் கிடைத்தால் வருகிற கல்வியாண்டுக்கான கொள்முதலையே இப்படி முடித்துவிடலாம்.